பொருளடக்கத்தில் ஒரு பூச்சாடி

பிப்ரவரி 4

தங்கச்சிக்கு,

பேரப்பிள்ளைகளில் மூத்தவன் பாலம் கட்டும் கம்பெனியில் தலைமை இன்ஜினீயர் ஆகிவிட்டான். அவன் கையெழுத்துப் போடாமல் ஒரு தூண்கூட எழும்பாதாம். அடுத்தவள், நம் கண்ணாடிக்காரி, போன வாரம் கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சாட்சியை இரண்டு மணி நேரம் கூண்டில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறாள். அந்த ஆள் கடைசியில் தன் வயசையே மாற்றிச் சொல்லிவிட்டானாம். இரட்டையரில் பெரியவன் விமான எஞ்சினைப் பிரித்துப் போடுகிறான். பயப்படாதே, திரும்பவும் சேர்த்துவிடுகிறான். சின்னவன் எழுதிய அரசுத் தேர்வில் மூவாயிரம் பேரில் நாலாவது இடம். கடைக்குட்டிக்கு நீச்சலில் மூன்று மெடல். கழுத்தைவிட்டுக் கழற்ற மாட்டேன் என்று மூன்றையும் போட்டுக்கொண்டே சாப்பிடுகிறாள்.

இதையெல்லாம் நீ கேட்கவில்லை. கேட்க மாட்டாய் என்று தெரிந்துதான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் அன்றைக்குச் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் நூறாவது வருஷத்துக்கு நீ போடுகிற குடும்பப் புத்தகத்தின் மாதிரி அச்சுப் பிரதி வந்தது. உள்ளே இருப்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதல் பக்கத்தில் 'பொருளடக்கம்' என்று ஒன்று போட்டிருக்கிறாயே, அது என்ன, எறும்பு வரிசையா? இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் ஒரு எண், நடுவில் புள்ளி புள்ளியாக ஓடுகிறது. என் கண் ஒரு புள்ளியில் ஏறினால் வேறு வரிக்குப் போய் இறங்குகிறது. மூத்தவனுடைய பாலத்தைத் தேடி 41-க்குப் போகவேண்டியவள் 47-க்குப் போய்விட்டேன். அங்கே உன் பேரன் மாட்டுக்கு மலச்சிக்கல் வந்தால் என்ன செய்வது என்று விளக்குகிறான். கையில் காபியோடு இருந்தேன்.

நான் அஞ்சாவது வரைக்கும்தான். என்னைப் போன்றவர்கள் இந்தக் குடும்பத்தில் இன்னும் ஏழு பேர் இருக்கிறோம். எங்களுக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். முகம் உடனே வரும். ஆகவே ஒவ்வொரு கட்டுரைக்கும் எழுதியவர் முகத்தைப் போடு, கீழே பெரிதாகப் பக்க எண்ணைப் போடு. என் தையல் கடையில் நாற்பது வருஷம் எந்தப் பள்ளிக்கூடத்துச் சீருடை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று நான் எழுதியா வைத்தேன்? பெட்டிக்கு வெளியே அந்தத் துணியில் ஒரு துண்டு ஒட்டியிருப்பேன். ஒரு நாள்கூடப் பெட்டி மாறினதில்லை.

இன்னொன்று. எண்கள் 70-லிருந்து 76-க்குத் தாவுகின்றன. நடுவில் ஐந்து பக்கம் எங்கே போச்சு? பக்கம் அமைக்கிற ஆளுக்குக் கண் தெரியாதா?

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

மெடல்கள், தூண்கள், எஞ்சின் எல்லாம் கிடைக்கப்பெற்றேன்.

பொருளடக்கம் என்பது பெயரும் எண்ணும்தான். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் சொல்கிறேன். முகங்களை வரிசையாக ஒட்டினால் அது புத்தகமாக இருக்காது, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காணாமல் போனவர்கள் பலகை மாதிரி இருக்கும். 47-ஆம் பக்கம் மாட்டைப் பற்றி எழுதியவன் கால்நடை மருத்துவன். உன் காபிக்காக அவன் வேறு தொழில் பார்க்க முடியாது.

பக்கம் அமைக்கிற ஆளுக்குக் கண் நன்றாகவே தெரிகிறது. என் வீட்டு முன் அறையில், ஜன்னல் பக்கம் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அச்சகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் புத்தகத்தை வீட்டில் வைத்துச் செய்து தருகிறாள். உன் கடிதத்தை நான் வாசித்துக் காட்டினேன். கண் தெரியாதா என்ற இடம் வந்தபோது, "சின்னப் பாட்டி, பாட்டி சொல்றது சரிதான். அந்தப் புள்ளி வரிசை எனக்கே பிடிக்கல" என்றாள்.

நீ ஐந்து பேரை எழுதினாய். உனக்கு ஆறு பேர். கண்ணாடிக்காரிக்கும் இரட்டையருக்கும் நடுவில் ஒருத்தி பிறந்தாள். குரல் கீச்சென்று இருந்ததால் கீச்சு என்று பெயர் வைத்ததே நீதான்.

காணாமல் போன ஐந்து பக்கமும் அவள் எழுதியது. 'அவள் புத்தகத்தில் இருந்தால் நான் இருக்க மாட்டேன், என் பேரப்பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள்' என்று நீ சொல்லியனுப்பினாய். எடுத்துவிட்டேன். எண்களை மட்டும் மாற்றவில்லை. புத்தகம் அச்சுக்குப் போக ஏப்ரல் பத்து வரை நேரம் இருக்கிறது. அதற்குள் நீ மனசு மாறினால் அந்த இடம் அப்படியே இருக்கிறது. மாறாவிட்டால் 76 என்ற எண்ணை 71 என்று அவளையே மாற்றிப் போடச் சொல்வேன்.

தங்கை


பிப்ரவரி 19

தங்கச்சிக்கு,

பலே. உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு என் கடிதத்தை வேறு படித்துக் காட்டுகிறாய்.

நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். பக்கத்து வீட்டுக்காரி தன் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "உங்க பேத்திகிட்ட காட்டினா மனசுக்கு நிம்மதியா இருக்கும்" என்றாள். நான்தான் அழைத்துப் போனேன். இரண்டு பஸ் மாறி மருத்துவக் கல்லூரி விடுதிக்குப் போனோம். வாசலில் வாட்ச்மேன், "யாரு, அந்தக் கீச்சுக் குரல் பொண்ணா? அது படிப்ப விட்டுட்டுப் போயி எட்டு மாசம் ஆச்சேம்மா. வீட்டுல சொல்லலையா?" என்றான். எனக்கு முன்னால் நின்று அதைக் காதில் வாங்கியது பக்கத்து வீட்டுக்காரி. திரும்பி வரும்போது எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் நாலு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தெரிந்தது, எட்டு மாசமும் உனக்குத் தெரியும் என்று. நான் தெருவெல்லாம் டாக்டர் டாக்டர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தபோது நீ போனில் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தாய். அவள் சின்னப்பெண். நீ?

உன் பொருளடக்கத்துக்கு வருவோம். காணாமல் போனவர்கள் பலகை என்று கிண்டல் செய்தாய் அல்லவா? நானே செய்து அனுப்பியிருக்கிறேன், பார். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் குறுக்கே மூன்று, நெடுக்கே நாலு, பன்னிரண்டு கட்டம் போட்டேன். என் பேரப்பிள்ளைகள் ஐந்து பேர், உன் பேரப்பிள்ளைகள் ஐந்து பேர், கடைசியில் நீ. என்னைப் போடவில்லை. நான் எழுதினது ஒன்றரைப் பக்கம். அதை மூத்தவன் கட்டுரையோடு சேர்த்துக்கொள். எல்லாம் என் துணிக்கத்தரியால் வெட்டியது. கோடு ஒரு நூல்கூடப் பிசகவில்லை. தையலுக்கு விடுவதுபோல் ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் அரை அங்குலம் விட்டிருக்கிறேன். அச்சகத்தில் ஓரம் நறுக்குவார்களே, அப்போது காது போய்விடக் கூடாது.

மூத்தவன்தான் முதல் கட்டம். அதில் பேச்சுக்கு இடமில்லை.

பன்னிரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் பல் விழுந்த மாதிரி இருக்கிறது. ஒரு பத்திரிகையிலிருந்து பூச்சாடிப் படம் வெட்டி ஒட்டியிருக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

உன் அட்டை வந்தது. எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: நீ சொன்னதே சரி. பரீட்சை செய்து பார்த்தேன். எதிர்வீட்டு அம்மாவுக்குப் படிக்கவே தெரியாது, எண் மட்டும் தெரியும். என் எறும்பு வரிசையைக் கொடுத்தபோது மரியாதைக்காகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். உன் அட்டையைக் கொடுத்ததும் கடைக்குட்டியின் மெடலைத் தொட்டு, "இந்தப் புள்ளய எங்க பாக்கலாம்?" என்று கேட்டார். கீழே இருந்த எண்ணை வைத்துப் பக்கத்தையும் தானே புரட்டிவிட்டார். ஆகவே படங்களோடுதான் பொருளடக்கம். நீ ஜெயித்துவிட்டாய். இதைத் தெருவில் சொல்லிக்கொள்ளலாம், இது நிஜமாகவே நடந்தது.

இனிப் பக்கம் அமைக்கிறவள் சொன்னவை. நான் எழுதிக்கொடுக்கும் குமாஸ்தா மட்டும்.

ஒன்று, முகங்கள் ஒரே அளவில் இல்லை. வக்கீலின் தலை பூசணிக்காய் அளவு, இரட்டையர் தலைகள் எலுமிச்சை அளவு. எல்லோர் கண்ணும் ஒரே கோட்டில் வரும்படி அவள் சரிசெய்துகொள்வாள்.

அடுத்தது மூத்தவன். முதல் கட்டம் பக்கத்தின் இடது ஓரம். படத்தில் அவன் இடது பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அதாவது புத்தகத்துக்கு வெளியே பார்க்கிறான். படிக்கிறவர் கண்ணும் அவனோடு வெளியே போய்விடுமாம். முகங்கள் உள்பக்கம் பார்க்க வேண்டும். அவனை வலது ஓரத்துக்கு மாற்றலாமா என்று கேட்கிறாள்.

பூச்சாடி எந்தப் பக்கம்? பொருளடக்கத்தில் இருக்கிற படத்துக்கு உள்ளே ஒரு பக்கம் இருக்க வேண்டும். எதிர்வீட்டு அம்மா அதையும் தொட்டுக் கேட்டார்.

கடைசியாக ஒன்று. இதை அவள் சொல்லவில்லை. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூத்தவன் தோளில் ஒரு கை இருக்கிறது. நாலு விரல், பாதிக் கைக்கடிகாரம். மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருக்கிறது. அவன் பட்டம் வாங்கின அன்று ஆறு பேரும் சேர்ந்து நின்று எடுத்த படத்தை வெட்டியிருக்கிறாய். நீ விட்ட அரை அங்குலத்தில் அவள் கை அகப்பட்டுக்கொண்டது. கடிகாரமும் எனக்குத் தெரிந்ததுதான். நாடி பார்க்க வினாடி முள் வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கி நீ வாங்கிக் கொடுத்தது.

இப்படியே அச்சடித்தால் ஆளில்லாத ஒரு கை இருநூறு வீட்டுக்குப் போகும். என்ன செய்யட்டும்?

தங்கை


மார்ச் 8

தங்கச்சிக்கு,

என்ன செய்யட்டும் என்று என்ன கேள்வி. அழிக்கச் சொல். கம்ப்யூட்டரில் மலையையே அழிக்கிறார்களாம், ஒரு கை எம்மாத்திரம்.

மூத்தவன் முதல் கட்டத்திலேயே இருப்பான். எங்கே வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

பூச்சாடிக்குப் பக்கம் கிடையாது. அது சும்மா இருக்கிறது. இந்த உலகத்தில் ஒரு பொருள் சும்மா இருக்கக் கூடாதா?

பூதக்கண்ணாடியை உன் வீட்டுப் பக்கமும் கொஞ்சம் திருப்பு. எட்டு மாசம் வாயை மூடிக்கொண்டிருந்தது யார் என்று தெரியும்.

அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

அழித்தாகிவிட்டது. அவளேதான் அழித்தாள். அச்சகத்தில் வேறு யாரையாவது செய்யச் சொல்கிறேன் என்றேன். "வேணாம் சின்னப் பாட்டி, அவங்களுக்கு அண்ணன் சட்டை நிறம் தெரியாது" என்றாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. முதலில் கடிகாரம், அப்புறம் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக. நான் சமையலறைக்குப் போய்விட்டேன். முடிந்ததும் வந்து, "பாட்டிக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

புதுப் பொருளடக்கத்தின் அச்சுப் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கேட்டது எல்லாம் இருக்கிறது. பூச்சாடியும் இருக்கிறது. கீழே எண் இல்லை.

எட்டு மாசத்தைப் பற்றி மறுபடி மறுபடி கேட்கிறாய். சரி, கேட்டுக்கொள். உன்னிடம் சொல்லாதே என்று சொன்னவள் நான்தான். அவள் படிப்பை விட்ட மறுநாளே உன்னிடம் வரக் கிளம்பினாள். நான் நிறுத்தினேன். 'கொஞ்சம் பொறு, நான் பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன்' என்றேன். பிறகு ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் நீ முதல் வார்த்தையே 'நம்ம டாக்டர்' என்று ஆரம்பிப்பாய். எனக்கு வாய் வரவில்லை. அது என் கோழைத்தனம். அவளுடையது இல்லை.

ஆனால் அதற்கும் முன்னால் அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்த வருஷம் சீருடை சீசன். கடைக்குப் போன் செய்து, "பாட்டி, என்னால முடியல, எனக்கு இது வேணாம்" என்றாளாம். நீ வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு, "எல்லாம் முடியும், உங்கண்ணன் முடிக்கலையா? வை, காலர் வெட்டிட்டிருக்கேன்" என்றாயாம். மூன்று நாள் கழித்துப் படிப்பை விட்டாள். வாட்ச்மேன் சொன்னதை வார்த்தை பிசகாமல் எழுதுகிறாய். இதையும் ஒரு முறை எழுதிப் பார்.

பிரதியைப் பார்த்துச் சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். ஏப்ரல் பத்து அன்று அச்சுக்குப் போய்விடும். 76 என்ற எண்ணையும் 71 என்று மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். நீ சரி என்று எழுதிய பிறகு மாற்றுகிறேன் என்றாள்.

தங்கை


மார்ச் 29

தங்கச்சிக்கு,

சரி இல்லை.

பிரதி வந்து எட்டு நாள் ஆகிறது. முதலில் பார்த்தபோது சுத்தமாகத்தான் இருந்தது. கண்கள் ஒரே கோட்டில் நின்றன, எண்கள் பெரிதாக இருந்தன. பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டினேன். எக்ஸ்ரே விஷயத்துக்குப் பிறகு அவள் என் வீட்டுக்குள் வந்ததே இதற்காகத்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் முதல் கட்டத்தில் நின்றுவிட்டாள். "இந்தத் தம்பி ஏன் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு? யாரைப் பாக்குது?" என்று கேட்டாள். அவன் நிற்கிற வாகே அப்படித்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

அப்புறம் கடைக்குக் கொண்டுபோய் வெட்டுமேஜை விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன். கையை அழித்திருக்கிறாள். கடிகாரத்தை அழித்திருக்கிறாள். சட்டை நிறமும் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். ஆனால் தோளில் நாலு சுருக்கம் அப்படியே இருக்கிறது. விரல் பதிந்து துணியை இழுத்தால் விழுகிற சுருக்கம். நாற்பது வருஷம் துணியைத் தொட்டவளை ஏமாற்ற முடியாது. யாரும் பிடிக்காத சட்டை அப்படிச் சுருங்காது. அந்தச் சட்டையைத் தைத்ததும் நான்தான். தோள்பட்டை அளவு எனக்கு மனப்பாடம்.

வேலை சுத்தமில்லை என்று அவளிடம் சொல். தெரியாமல் விட்டாளா, தெரிந்தே விட்டாளா என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

காலர் விஷயம். நான் மறக்கவில்லை. குண்டூசி வாயில் இருந்தது நிஜம். 'வை' என்று சொன்னதும் நிஜம். அவள் உடனே வைக்கவில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு கேட்டது. நான்தான் வைத்தேன். இதை இந்த இரண்டு வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. நீ எழுதிப் பார் என்றாய். எழுதிவிட்டேன். திருப்திதானே?

உன்னை நான் மன்னிக்கவில்லை. கோழைத்தனம் என்று நீயே ஒத்துக்கொண்டதால் அது நல்லகுணம் ஆகிவிடாது. போனிலும் பேச மாட்டேன். புத்தகம் வேறு, நாம் வேறு.

புத்தகத்தில் செய்யவேண்டியது இது. பூச்சாடியைத் தூக்கிவிடு. மூத்தவனை இரண்டாவது கட்டத்துக்கு நகர்த்து. முதல் கட்டத்தில் அவளை வை, கீழே 71 என்று போடு. இவன் இடது பக்கம் பார்க்கிறான் அல்லவா, அப்போது அவளைப் பார்ப்பான், புத்தகத்துக்கு வெளியே பார்க்க மாட்டான். நீ சொன்ன குறையும் தீர்ந்துவிடும். எண் வரிசைப்படி இல்லையே என்று பள்ளிக்கூடப் பேச்சுப் பேசாதே. முகத்தைப் பார்த்துத் தேடுகிறவளுக்கு வரிசை எதற்கு? அழித்த கையையும் இருந்த இடத்தில் இருந்தபடி திரும்ப வைக்கச் சொல். பக்கத்துக் கட்டத்தில் ஆள் இருக்கும்போது கை யாருடையது என்று யாரும் கேட்கப் போவதில்லை.

அந்த ஐந்து பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்று முன்கூட்டிச் சொல்லாதே. புத்தகமாக வந்த பிறகு நானே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்வேன்.

அவள் படம் மட்டும் என்னிடம் இல்லை. வெட்டியதில் மிஞ்சிய துண்டு பொத்தான் டப்பாவில் இருக்கிறது. முகம் இருக்கிறது, கை இல்லை. துணியாக இருந்தால் ஒட்டுப்போட்டிருப்பேன், இது காகிதம். மற்றப் படங்களை என்ன செய்தேன் என்று கேட்காதே.

அதனால் புதிதாக ஒரு படம் எடுக்கச் சொல். அடையாள அட்டைக்கு எடுப்பதுபோல் விறைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். வலது பக்கம் பார்த்து நிற்கட்டும், பக்கம் அமைக்கிறவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கை இரண்டும் தெரிய வேண்டும். அந்தக் கடிகாரம் இன்னும் ஓடுகிறதா என்று நான் கேட்டதாகச் சொல்லாதே, படத்தில் இருந்தால் பார்த்துக்கொள்கிறேன். புத்தகத்துக்கு ஒன்றை அவளே வைத்துக்கொள்ளட்டும். இன்னொன்றை எனக்குத் தபாலில் அனுப்பச் சொல். உறைமேல் முகவரியை அவள் கையாலேயே எழுதட்டும். படம் மடங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டையும் வைக்கட்டும். ஏப்ரல் பத்துக்குள் வந்து சேர வேண்டும்.

அக்கா